பலகையில் நாற்பது

எங்கள் தெருத் தபால்காரர் நல்ல மனிதர். மழையானாலும் பனியானாலும் பத்தரை மணிக்கு வந்துவிடுவார். ஆகவே அந்த நோட்டீஸ் தாமதமாக வந்ததில் அவர் தவறு எதுவும் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜெண்ட். உறையின் மேல் அன்றைய தேதியை அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன்.

"என்ன மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், மறுபடியும் சர்க்காரோட மல்லுக்கட்டா?" என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். மறுநாள் என் மனைவியின் அடக்கம் என்பது அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன். அந்த நேரத்தில் எனக்கு உறைதான் முக்கியமாக இருந்தது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வேகமாக ஓட்டியதாக ஒருவர் மேல் வழக்குப் போடுவதென்றால், போலீஸ் அனுப்பும் முதல் நோட்டீஸ் பதினான்கு நாளுக்குள் வண்டியின் சொந்தக்காரர் கைக்கு வந்து சேர வேண்டும். எனக்கு வந்தது பதினாறாவது நாள். நாற்பது மைல் வரம்பில் அறுபத்தேழு மைல் போனேனாம். போனேனா இல்லையா என்ற பேச்சே எழவில்லை. தாமதம் என்றால் தாமதம்தான்.

வக்கீல் தம்பி தொண்டையைச் செருமுகிறார். நான் விஷயத்துக்கு வர வேண்டுமாம். இதுதான் தம்பி விஷயம். இந்த நோட்டீஸை நான் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டு அபராதத்தைக் கட்டியிருந்தால் இன்றைக்கு நாம் மூவரும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம். சார்ஜெண்டே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் தவறான நோட்டீஸுக்குப் பணிந்துபோவது என் சுபாவத்தில் கிடையாது.

நான் டிரைவிங் டெஸ்ட் அதிகாரியாக இருந்தவன். முப்பது வருடத்துக்கும் மேல். இந்த மாவட்டத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்தவர்கள். டெஸ்ட் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கு நினைவிருக்கும். காரில் ஏறுவதற்கு முன்னால், இருபது மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு வண்டியைக் காட்டி, அதன் நம்பரைப் படியுங்கள் என்போம். படிக்க முடியாவிட்டால் அத்தோடு சரி. சாவியைத் தொடவே விடமாட்டோம். ஒரு முறை ஒரு ரொட்டிக்கடை வேன்காரர் அழுதார். லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலை போய்விடும் ஐயா என்றார். கண் தெரியாதவன் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்று அவரிடம் சொன்னேன். எல்லோரிடமும் அதைச் சொல்வேன். என் மனைவி லினெட் அதை என்னைப் போலவே குரலை மாற்றிச் சொல்லிக் காட்டுவாள்.

லினெட்டுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் நானே சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். மூன்றாவது பாடத்தில் நடுரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அவளுக்கு அதற்கான நிதானம் இல்லை. அதனால் நாற்பத்து நான்கு வருடமும் நான்தான் ஓட்டினேன். கடைக்கு, கடற்கரைக்கு, அவள் தங்கை ஜுடித் வீட்டுக்கு, எங்கே போனாலும் நான். எங்கள் கிராமத்தில் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு ராயைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைவிட நான்கு வயது பெரியவர். அவர் மகன் ஒரு நாள் வந்து, அப்பா, இனி நீங்க ஓட்ட வேண்டாம் என்று சாவியை வாங்கிக்கொண்டான். சிவப்புக் கார் வாசலிலேயே நின்றது. ராய் கொஞ்ச நாள் கையில் ஒரு பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். பிறகு நிற்பதை விட்டுவிட்டார். முன்ஜன்னலில் உட்கார்ந்துகொண்டார். நான் காரை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அங்கிருந்து கையை ஆட்டுவார். திரும்பி வரும்போதும் ஆட்டுவார். வேறு வேலையே இல்லாதவர் மாதிரி ஆட்டுவார். எனக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் கிடையாது. அந்த ஜன்னலைப் பற்றித்தான் பயம். ராத்திரி படுத்தால் அந்தக் கை ஆடுவதுதான் கண் முன்னால் வரும்.

போன வருடம் என் காரின் முன்கண்ணாடி மங்கலாக ஆரம்பித்தது. சரியாக நடுவில், கட்டைவிரலால் எண்ணெய் தடவியது போல ஒரு கறை. மலிவான கண்ணாடி போட்டுவிடுகிறார்கள். ஓரங்கள் நன்றாகத் தெரியும், நடுவில்தான் கறை. ஏறும்போதும் இறங்கும்போதும் துடைப்பேன்.

"தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணாடியில ஓட்டை போடப் போற," என்றாள் லினெட். "தேய்க்க வேண்டியது அதை இல்ல, எக்ஸாமினர் ஐயா."

அவள் தொந்தரவு பொறுக்காமல் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு சின்னப் பையன் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவருகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அதுவரை ஓட்டாமல் இருப்பது நல்லது என்றான். கவனியுங்கள், நல்லது என்றான். கூடாது என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை.

லினெட் என்னைப் பரீட்சை செய்தது அக்டோபர் கடைசியில். நான் தோட்டத்துப் படலருகே நின்றிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"நெவில், ராய் வீட்டு வாசல்ல நிக்குதே சிவப்புக் கார், அதோட நம்பரைப் படி."

நான் தயங்கவே இல்லை. எழுத்து, எண், எழுத்து என்று கடகடவென்று சொன்னேன். அதிகாரிக் குரலிலேயே சொன்னேன். தூரத்தில் யாரோ இலைகளைக் கூட்டும் சத்தம் கேட்டது.

"ராயோட காரை அவர் பையன் போன வாரமே வித்துட்டான்," என்றாள். "அது அவரைப் பாத்துக்க வர்ற நர்ஸோட கார். நீ சொன்னது பழைய காரோட நம்பர். மனப்பாடமா வச்சிருக்க."

"ரெண்டும் சிவப்பு. எப்பவும் நிக்கிற எடத்துல நிக்குது. பாக்காமலே சொல்லிட்டேன்."

"சரி, இப்ப பாத்துச் சொல்லு."

வெயில் எதிரே அடித்தது. அதைச் சொன்னேன். அவள் வானத்தைப் பார்த்தாள். அன்றைக்கு மேகமாக இருந்தது என்றாள். இந்த மாதிரி விஷயங்களில் ஒருவருக்கொருவர் ஞாபகம் மாறுவது சகஜம்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவள் அழவில்லை, கத்தவில்லை. "எனக்குப் பயமா இருக்கு நெவில்," என்றாள். "உன் பக்கத்துல உக்காந்து வரும்போது பயத்துல கால் வெறைச்சுப் போகுது. அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல அந்தக் கொழந்தை கையை அவ அம்மா பிடிச்சு இழுத்தாளே, நீ பாத்தியா? நீ பாக்கல. நீயா லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். இல்லன்னா திங்கட்கிழமை காலைல லைசென்ஸ் ஆபீசுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடுவேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

அது பொய். என் கண்ணைப் பற்றி அவள் ஒரு பொய்யை அரசாங்கத்திடம் சொல்லப் போகிறாள் என்று புரிந்தது. நான் கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வேண்டுமா என்று கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜுடித் வீட்டில் மதியச் சாப்பாடு. மாட்டிறைச்சி வறுவல், அப்புறம் ஆப்பிள் இனிப்பு. இதுதான் கடைசிப் பயணம், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் லினெட் காரில் ஏறினாள். ஆனால் அக்காவும் தங்கையும் பேச உட்கார்ந்தால் தெரியாதா. கிளம்பும்போது நவம்பர் இருட்டு இறங்கியிருந்தது. லேசான தூறல்.

மோட்டார்வே நெடுஞ்சாலை உங்களுக்குப் பழக்கமானதுதான். அதில் வேக வரம்பு நிலையாக இருக்காது. சாலைக்குக் குறுக்கே மேலே இரும்புச் சட்டங்கள் நிற்கும், அவற்றில் மின்பலகைகளும் வேகத்தைப் பிடிக்கும் கேமராக்களும். நெரிசல், விபத்து என்றால் அறுபது, ஐம்பது, நாற்பது என்று எண் எரியும். ஒன்றும் எரியாமல் கறுப்பாக இருந்தால் எழுபது மைல் வரை போகலாம். நான் இடது ஓரத்தில் ஒரு பெரிய லாரியின் பின்னால் நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன். அதன் சிவப்பு விளக்குகள் ஓரங்களில் நன்றாகத் தெரிந்தன.

"நெவில், நெஞ்சுல என்னமோ பண்ணுது," என்றாள்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, கை வரைக்கும் இழுக்கிறது என்றாள். குரல் மாறியிருந்தது. மோட்டார்வேயை விட்டு அடுத்த பிரிவில் இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரி. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"கொஞ்சம் வேகமாப் போயேன்."

"பலகையில நாப்பது போட்டிருக்கு."

"பலகையில ஒண்ணும் இல்ல, நெவில். கறுப்பா இருக்கு. எல்லாரும் நம்மளைத் தாண்டிப் போறாங்க பாரு."

நான் நாற்பதிலேயே போனேன். என் லைசென்ஸில் ஏற்கெனவே ஆறு தண்டனைப் புள்ளி இருந்தது. இரண்டு பழைய நோட்டீஸ், இரண்டிலும் நான் எதிர்த்து வழக்காடினேன், இரண்டிலும் அநியாயமாகத் தோற்றேன். பன்னிரண்டு சேர்ந்தால் லைசென்ஸ் பறிபோகும். ஆறு புள்ளிக்காரன் பலகையை மதித்தே ஆக வேண்டும்.

பிரிவு வந்தபோது அவள்தான் சொன்னாள். "இதோ வருது. இதுதான். திரும்பு. நெவில், திரும்பு." லாரி நேராகப் போயிற்று. நானும் நேராகப் போனேன். "போச்சு," என்றாள். ரொம்ப மெதுவாகச் சொன்னாள். பிரிவைத் தாண்டிய பிறகு கோடு போட்ட இடத்தின் மேல் ஏறித் திருப்புவது குற்றம். அடுத்த பிரிவில் இறங்கித் திரும்பி வரலாம் என்றேன்.

அப்போது அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அவசர எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது. லினெட் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆம்புலன்ஸ் வேணும். மோட்டார்வேல இருக்கோம். எனக்கு நெஞ்சு வலி, என் புருஷனுக்குக் கண்..." என்றாள்.

அந்த இடத்தில்தான் நான் போனை வாங்கினேன். பிடுங்கினேன் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. பிடுங்கவில்லை, அவள் பிடியில் பலம் இல்லை. நிறுத்தி, என் பக்கத்துக் கதவின் பையில் வைத்தேன். திங்கட்கிழமை சொல்லப் போகிறேன் என்றவள் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டாள், அவ்வளவுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

அவர்கள் திரும்ப அழைத்தார்கள். பாதியில் அறுந்த அழைப்பை அவர்கள் விடமாட்டார்கள் போலிருக்கிறது. என் முழங்காலுக்குப் பக்கத்தில், கதவின் பையில், போன் அடித்தது. அவளுக்கு எட்டாத பக்கம். அது அவள் வைத்திருந்த மணிச் சத்தம், பேரப்பிள்ளைகளுக்காக வைத்தது, வாத்து கத்துகிற மாதிரி. அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. ஓட்டும்போது போனைக் கையில் எடுத்துப் பேசினால் ஆறு புள்ளி. ஆறும் ஆறும் பன்னிரண்டு. நான் எடுக்கவில்லை.

லினெட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரே பார்ப்பதைவிட ஓரப்பார்வையில் எனக்கு எப்போதுமே நன்றாகத் தெரியும்; அதனால் அவள் முகம் முழுக்கத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. டெஸ்ட்டுக்கு வரும் பிள்ளைகள் பயப்படுவார்கள், பார்த்திருக்கிறேன். இது அந்தப் பயம் இல்லை. வலியை மறந்துவிட்டு என்னைக் கண்டு பயந்தாள்.

"நெவில்," என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்லல. நாளைக்குப் போன் பண்ணல. சத்தியமாப் பண்ணல. நீ எவ்வளவு நாள் வேணும்னாலும் ஓட்டு. போனை மட்டும் குடு."

சரி என்றேன். ஆனால் கொடுக்கவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் குனிவது ஆபத்து.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அடுத்த பிரிவு தூரம். லாரி அங்கே இறங்கியது, நானும் இறங்கினேன். ரவுண்டானாவைச் சுற்றி எதிர்ப்பக்கம் ஏறியபோது எனக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தூறலும் இருட்டும்தான். பக்கத்தில் மூச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஸ்டீயரிங் ஈரமாக வழுக்கியது. லினெட், லினெட் என்று கூப்பிட்டேன். பாதை எங்கே திரும்புகிறது என்று அவள்தானே எப்போதும் சொல்வாள்.

அந்த நேரத்தில் ஒரு ஆம்புலன்ஸ் நீல விளக்கோடு என்னைத் தாண்டிப் போயிற்று. யாருக்காகப் போயிற்றோ. அந்த நீல வெளிச்சத்தை விடக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். கால் தானாக அழுத்தியது. அது போன பிரிவில் நானும் போனேன், அது திரும்பிய இடத்தில் திரும்பினேன், அது நின்ற வாசலில் நின்றேன். ஒரு கதவைத் திறந்துகொண்டு அவர்கள் இறங்க, இன்னொரு கதவைத் திறந்துகொண்டு நான் இறங்கினேன். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

மரண விசாரணை அலுவலகத்திலிருந்து வந்தவர் மிகவும் மரியாதையானவர். அவரிடம், போகும் வழியெல்லாம் பலகையில் நாற்பது இருந்தது, நெரிசல், பிரிவை லாரி மறைத்துவிட்டது, லினெட் போனை வீட்டிலேயே வைத்துவிட்டாள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். மனைவி உயிருக்குப் போராடும்போதுகூடச் சட்டத்தை மீறாத மனிதர் நீங்கள் என்றார். ஜுடித் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

பிறகுதான் அந்த நோட்டீஸ். பொடி எழுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் படிக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்த வழியில், நாற்பது எரிந்த பலகையின் கீழ் அறுபத்தேழு. எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பக்கம் பலகையே எரியவில்லை. நான் உடனே எழுத உட்கார்ந்தேன். முதலாவது, நோட்டீஸ் காலம் கடந்தது. இரண்டாவது, அந்தப் பக்கம் பலகை கறுப்பாக இருந்தது. அன்று மாலை இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகையிலும் எந்த நேரத்தில் என்ன எரிந்தது என்ற பதிவை எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டேன். கேட்பது என் உரிமை. நான் எப்படிப்பட்டவன் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று, மரண விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்தின் நகலையும் இணைத்தேன். மனைவியின் மூச்சு அடங்கும்போதும் நாற்பதைத் தாண்டாதவன் மேல் அறுபத்தேழு என்று எழுதலாமா என்று கேட்டிருந்தேன். நல்ல கடிதம். லினெட் இருந்திருந்தால் கொஞ்சம் சுருக்கச் சொல்லியிருப்பாள்.

நான் ஜெயித்தேன், சார்ஜெண்ட். அதை யாரும் மறுக்க முடியாது. காலதாமதத்தால் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று பதில் வந்தது. கூடவே நான் கேட்ட பதிவும் வந்தது, பக்கம் பக்கமாக எண்கள். கலங்கலாக அச்சடித்திருந்தார்கள். பார்த்தவரை சரியாக இருந்ததால் கோப்பில் வைத்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்பதை நேற்று நீங்கள்தான் படித்துச் சொன்னீர்கள். போகும் வழியில் ஒரு பலகைகூட எரியவில்லை; திரும்பும் வழியில் எல்லாப் பலகையிலும் நாற்பது. நான் சொன்னதற்கு அப்படியே தலைகீழ். என் கடிதத்தையும் வாக்குமூலத்தையும் ஒரே உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியது நான்தான். உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒரு பெண் அதைக் கவனித்திருக்கிறாள். பிறகு அந்த நேரத்தில் மோட்டார்வேயிலிருந்து வந்து அறுந்த அழைப்பைத் தேடி எடுத்திருக்கிறீர்கள்.

அதைப் போட்டுக் காட்டினீர்கள். லினெட்டின் குரலைக் கேட்டு நாளாயிற்று. கண் என்ற சொல்லுக்குப் பிறகு, குடு இங்க, என்று ஒரு கிழவன் சொல்வது கேட்டது. என் குரல் அத்தனை அமைதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வக்கீல் தம்பி நேற்றிரவு கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சாத குறை.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், கண் தெரியலன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பலகை தெரியல, பிரிவு தெரியல, பயந்துட்டேன், பதட்டத்துல போனை வாங்கிட்டேன். ஜட்ஜுக்கும் மனசு இருக்கு. கண் டாக்டர் ஒருத்தர் சர்ட்டிபிகேட் குடுத்தாப் போதும். கண் தெரியாம நடந்ததுன்னா அது வேற கேஸ், தெரிஞ்சே செஞ்சதுன்னா இது வேற கேஸ். இதுல நீங்க ஜெயில்லயே செத்துப் போவீங்க."

"டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்தா லைசென்ஸ் என்ன ஆகும்?"

"லைசென்ஸா?" என்றார்.

சின்னப் பையன். அவருக்கு எங்கே புரியப் போகிறது. இன்று காலை நீங்கள் கார் அனுப்புகிறேன் என்றீர்கள். அது வருவதற்கு முன்னால் நானே கிளம்பி வந்துவிட்டேன். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம், தெருவெல்லாம் பிள்ளைகள், எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். உங்கள் வாசலில் ஏதோ ஒரு தூண் லேசாக உரசியது, அது இடம் தெரியாமல் நட்ட தூண். ராய் ஜன்னலிலிருந்து கையை ஆட்டியிருப்பார். நான் பார்க்கவில்லை.

ஆகவே என் வாக்குமூலம் இது. தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது என்று நான் லினெட்டிடம் சொன்னது பொய். பலகைகள் கறுப்பாக இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் பிரிவின் நீலப் பலகையை ஒரு மைலுக்கு முன்னாலேயே எழுத்து எழுத்தாகப் படித்தேன். படித்துவிட்டு, வேண்டுமென்றே தாண்டிப் போனேன். அவள் பிழைத்தால் திங்கட்கிழமை என் கண்ணைப் பற்றிப் பொய் சொல்லிவிடுவாள் என்பதால், அவள் பிழைக்கக் கூடாது என்று தீர்மானித்துப் போனை எடுத்து வைத்தேன். அவள் கெஞ்சினாள், கேட்டுக்கொண்டே ஓட்டினேன். என் மனைவி லினெட் ஹாஸ்கின்ஸை நான் கொன்றேன். நல்ல கண்பார்வையோடு, தெரிந்தே கொன்றேன். அறுபத்தேழு மைல் விஷயத்தை இதில் சேர்க்காதீர்கள், அது கைவிடப்பட்டது. என் லைசென்ஸில் இன்றும் ஆறு புள்ளிதான்.

கையெழுத்துத்தானே, கொடுங்கள். கோட்டுக்கு மேலேதானே. கோடு தெரிகிறது, காட்ட வேண்டாம். இதோ. நெவில் ஹாஸ்கின்ஸ்.

என்ன சார்ஜெண்ட்? ஏன் என் கையைப் பிடித்து நகர்த்துகிறீர்கள்? தாளில்தானே போட்டேன்.

இந்த அறையில் வெளிச்சம் போதாது. மேசையும் தாளும் ஒரே வெள்ளை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.